குளிருக்கு அஞ்சாத கிருமிகள்

மீந்த குழம்பை ரெஃப்ரிஜிரேட்டரில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? கொஞ்சம் தென் துருவம் வரை வாருங்கள்.

அண்டார்க்டிகாவில் வில்லன்ஸ் என்று ஓர் ஏரி. கரையில் நின்று பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அதன் தலைமேல் சுமார் 800 மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி! வெயில் எட்டிப் பார்க்காத கும்மிருட்டு. 2013 ஜனவரியில் அமெரிக்க விஞ்ஞானிகள் வெந்நீரைப் பீச்சியே துளை போட்டு, அந்தத் தண்ணீரை மொண்டு பார்த்தார்கள். பூஜ்யம் டிகிரிக்கும் சற்றுக் கீழான அந்தக் குளிரில், ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1,30,000 நுண்ணுயிர்கள்! அம்மோனியம், மீத்தேன் போன்ற சரக்குகளை வைத்தே அவை அங்கே குடித்தனம் நடத்துகின்றன.

விறைத்துப் போகாமல் எப்படி? விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. மார்கழிக் காலையில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. குளிருக்குப் பழகிய கிருமிகள், தம் உடலைப் போர்த்திய சவ்விலுள்ள கொழுப்பை எண்ணெய் ஜாதியாக மாற்றிக்கொள்கின்றன. சவ்வு இளக்கமாக இருக்கும். இரை உள்ளே வரும், கழிவு வெளியே போகும். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

சவ்வை இப்படி இளக்கி வைக்கத் தெரிந்த பொல்லாத கிருமி ஒன்று நம்மிடையேயும் உண்டு. லிஸ்டீரியா என்று பெயர். 4 டிகிரிக் குளிரிலும் மெல்லப் பெருகும். காய்ச்சாத பாலிலும், அதில் செய்த சீஸிலும் இருக்கக்கூடும். பிள்ளைத்தாய்ச்சிக்கு லேசான ஜுரம் போல் வந்து போகலாம். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கோ உயிராபத்து. ஆனால் கொதி தாங்காது. ஆகவே மீந்ததை நாள் கணக்கில் வைக்காதீர்கள். வைத்ததையும் ஆவி பறக்கக் கொதிக்கவிட்ட பிறகே அவளுக்குப் பரிமாறுங்கள்.