பரணின் கீழ் ஒரு பவளத் தொட்டி

தூத்துக்குடியிலும் இராமேசுவரத்திலும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள், பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் புனேக்கும் தில்லிக்கும் வந்து மாடிக் குடியிருப்புகளில் வாழ நேர்ந்தபின், அக்கடலின் ஒரு துண்டையேனும் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காண விரும்புவது இயல்பே. நன்னீர் மீன்தொட்டி நம்மவர் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அடுத்த படியாக உவர்நீர்த் தொட்டி அமைத்து, அதிலே கோமாளி மீனும் பவள உயிர்களும் வளர்க்க முயல்வோரும் உளர். இவர்களுக்குத் தண்ணீரைவிட விளக்கே முதற்கண் பெரிய இடராக வந்து நிற்கிறது. தொட்டியை வைக்க நம் வீடுகளில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் சுவர் அலமாரியின் நடுத்தட்டு, அல்லது பரணின் அடி. தொட்டியின் விளிம்புக்கும் மேற்பலகைக்கும் இடையே ஒரு முழம்கூட இராது. அந்தக் குறுகிய இடத்தில் எத்தகைய எல்.இ.டி. விளக்கைப் பொருத்துவது என்பதை இங்கே ஆராய்வோம்.

பவளம் செடியன்று, கல்லுமன்று. அது ஒரு விலங்கு. தொட்டிகளில் வளர்க்கப்படும் பவளங்களிற் பெரும்பாலானவற்றின் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் கூட்டங்கூட்டமாகக் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடந்தந்த பவளத்துக்கே வாடகைபோல் கொடுத்துவிடுகின்றன. ஆகவே மீன்தொட்டியில் விளக்கு அழகுக்கு. பவளத் தொட்டியில் விளக்கே சோறு. ஒளி குறைந்தால் மென்பவளம் காம்பு நீண்டு விளக்கை எட்டிப் பிடிக்க முயலும். ஒளி மிகுந்தாலோ உடல் சுருங்கி, பாசியை வெளியேற்றி, வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்ததும் இவ்வாறே. அங்கே முதற்காரணம் கடல்நீரின் வெப்பம் என்பதே வேறுபாடு.

கடல்நீர் செந்நிறத்தை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. நீலமே ஆழத்துக்குச் செல்கிறது. அதனால் இந்நுண்பாசிகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியைச் சிறப்பாகப் பயன்படுத்தப் பழகியவை. 1993-இல் ஜப்பானில் ஷூஜி நாகமுரா பேரொளி தரும் நீல எல்.இ.டி.யை உருவாக்கிக் காட்டினார். 2014-இல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகிய இருவரோடு அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் நீல எல்.இ.டி.யின் பொருட்டே. அதற்குமுன் பவளத் தொட்டிக்காரர்கள் 150, 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளை நம்பியிருந்தனர். அவற்றின் சூடு அடுப்பின் சூடு. பரணடியில் மாட்டினால் பலகைக்கே ஆபத்து. குறுகிய இடத்திலும் பவளம் வளர்க்கலாம் என்ற எண்ணம் எளிதாகக் கைகூடியது எல்.இ.டி. வந்த பின்னரே.

நிற்க. விளக்கு வாங்குமுன் அதன்கீழ் எது வாழப்போகிறது என்பதை முடிவு செய்தல் வேண்டும். இதில் சட்டமும் உண்டு. பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், குழற்பவளம், கடல்விசிறி ஆகியனவும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. ‘உயிர்ப் பாறை’ என்று சொல்லி இரகசியமாக விற்கப்படும் துண்டு நம் கடலிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டதாக இருந்தால், அதை வாங்குபவரும் குற்றத்திற் பங்காளியே. இதை வெறும் ஏட்டுச் சட்டம் என்று தள்ளிவிடுதல் தகாது. மன்னார் வளைகுடாவிலே சுண்ணாம்புக்காகப் பன்னெடுங்காலம் பவளப்பாறை வெட்டப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. ஊர்க்கடலின் நினைவுக்காகத் தொட்டி வைப்பவர் அவ்வூர்க் கடலைப் பெயர்த்துக்கொண்டு வரலாமா? பாறைக்குச் செயற்கைப் பீங்கான் பாறையே போதும். மீனுக்கும் கடலைத் தேட வேண்டுவதில்லை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்திருக்கின்றனர்.

அந்த அட்டவணையிற் பெயர் இல்லாத காளான் பவளம், தோல் பவளம் முதலிய மென்மையான உயிர்களை, வந்த வழி தெரிந்து, உரிய ரசீதோடு வாங்கி வளர்ப்பதே முறை. இங்கே ஓர் இனிய பொருத்தமும் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியைப் ‘பார்’ என்னும் அளவால் குறிப்பர். ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் கணக்கில் சொல்வது அது. நடுப்பகல் வெயிலில் கடலின் மேற்பரப்பில் அது 2000 அளவில் இருக்கும். கிளைவிடும் கற்பவளங்களுக்குத் தொட்டியில் 200 முதல் 350 வரை தருகிறார்கள். மென்பவளங்களுக்கோ 50 முதல் 150 வரை இருந்தாற் போதும். ஆகவே பரணடித் தொட்டிக்காரர் தேட வேண்டியது வலிய விளக்கையன்று, அகன்ற விளக்கை.

இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். தொட்டி 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். நீர்மட்டத்துக்கும் பரண் பலகைக்கும் இடையே 10 அங்குலம். விளக்கின் கனம் 2 அங்குலம். அதன் தலைக்குமேல் காற்றோட்டத்துக்கு 2 அங்குலம். எஞ்சுவது, நீருக்கு மேலே 6 அங்குலம். கடைகளிற் பெரிதும் விற்பது, ஒரே குவியலாகப் பல விளக்குமணிகளை அடுக்கி, ஒவ்வொன்றின்மீதும் வில்லை பொருத்திய வகை. வில்லையின் கோணம் 60 பாகையானால், அதன் ஒளி 6 அங்குலம் கீழே வரும்போது வெறும் 7 அங்குல வட்டமாகவே விழும். 90 பாகையானால் 12 அங்குலம். வில்லையே இல்லாத மணிகள் 120 பாகைக்கு விரியும். அவற்றின் வட்டம் 21 அங்குலம். தொட்டியின் அகலம் 18 அங்குலம் என்பதை நினைவிற்கொண்டால் எது பொருந்தும் என்பது சொல்லாமலே விளங்கும். வில்லையின் வேலை ஒளியை ஆழத்துக்குச் செலுத்துவது. உயரத்தில் தொங்கும் விளக்குக்கே அது அணி. தாழ்ந்த விளக்கில் அது நடுவே ஒரு பாலைவனத்தையும் ஓரங்களில் இருட்டையுமே உண்டாக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பலர் இதைக் கருதுவதில்லை. குவியல் விளக்கின் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நீருக்குள் 4 அங்குலத்தில் உள்ள பாறையுச்சி விளக்கிலிருந்து 10 அங்குலம். 14 அங்குலத்தில் உள்ள மணற்படுகை 20 அங்குலம். தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகும். அதே விளக்கை 16 அங்குல உயரத்தில் தொங்கவிட்டால் உச்சிக்கு 20, மணலுக்கு 30. வேற்றுமை இரண்டேகால் மடங்குதான். அதாவது விளக்குத் தாழத் தாழ, மேலுள்ளது கருகும்படியும் கீழுள்ளது பட்டினி கிடக்கும்படியும் ஆகிறது. கண்ணாடிச் சுவர்கள் ஒளியைத் திருப்பி உள்ளே அனுப்பி இக்கொடுமையை ஓரளவு தணிக்கும் என்பது உண்மையே. எனினும் முற்றும் தீர்க்காது.

இதற்கு மருந்து விளக்கின் வடிவத்தில் இருக்கிறது. தொட்டியின் நீளத்துக்குச் சமமாக நீண்ட கோல் விளக்கின் ஒளி, கிட்டத்தில் தூரத்தின் வர்க்கத்துக்கன்றித் தூரத்துக்கே ஏற்ப ஏறக்குறையக் குறையும். நாலு மடங்கு வேற்றுமை இரண்டு மடங்கை ஒட்டி வந்துவிடும். இரண்டு மூன்று கோல்களை இணையாக வைத்தால் இன்னும் சீராகும். ஆதலால் நான் சொல்வது இதுவே: மூன்றடித் தொட்டிக்கு 100, 150 வாட் என்று பெருமை பேசும் ஒற்றைக் குவியல் விளக்கு வேண்டா. வில்லையில்லாத, மூன்றடி நீளமுள்ள, மெல்லிய கோல்கள் இரண்டோ மூன்றோ, எல்லாம் சேர்ந்து 60 முதல் 80 வாட் இருந்தால் மென்பவளங்களுக்குத் தாராளம். நீலமும் வெள்ளையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கத்தக்கனவாக இருத்தல் நன்று. நிறமணிகள் நெருக்கமாகக் கலந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சிவப்பு ஓரிடத்திலும் பச்சை வேறிடத்திலுமாக விலகி நிற்கும் விளக்கைத் தாழ மாட்டினால், மணற்படுகையில் திருவிழாக் கடையைப்போல் வண்ண வண்ண நிழல்கள் ஆடும். ஏற்கெனவே குவியல் விளக்கு வாங்கிவிட்டவர்கள், அதன்கீழ் பால்நிற அக்ரிலிக் தகடு ஒன்றைப் பொருத்தலாம். ஒளியில் ஒரு பங்கு போனாலும் பரவல் திருந்தும்.

தொட்டியையே இன்னும் வாங்காதவர்களுக்கு மிக மலிவான யோசனை ஒன்று சொல்வேன்: 18 அங்குல உயரத்துக்குப் பதில் 12 அங்குல உயரத் தொட்டி செய்துகொள்ளுங்கள். விளக்குக்கு 6 அங்குலம் இனாமாகக் கிடைக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. எல்.இ.டி. சூடாகாது என்பர். ஒளி செல்லும் பக்கம் சூடு குறைவு. முதுகுப்புறமோ கை வைக்கமுடியாதபடி சுடும். அச்சூடு போக வழியில்லையேல் மணிகள் விரைவில் மங்கும். பரணுக்கும் விளக்குக்கும் இடையே 2 அங்குலம் விட்டது அதற்காகவே. அலமாரியின் பின்பலகையில் திறப்பு விட்டு, கணிப்பொறிக்குப் போடும் சிறு விசிறி ஒன்றைப் பக்கவாட்டில் வீசும்படி வைத்தால் நலம். விளக்கினுள்ளேயே விசிறியுள்ள வகை, உப்புத் திவலை படும் இவ்வளவு தாழ்ந்த இடத்தில் நெடுநாள் உழைப்பது அரிது. விசிறியில்லாத அலுமினிய உடல் கொண்டு, நீர் புகாத காப்புக்கு ஐ.பி.65 தரம் பெற்றதே மேல். நீர் 25 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் மும்பை வீட்டறையே 30 டிகிரியைத் தாண்டும். அங்கே விளக்கைப் பழித்துப் பயனில்லை, நீர் குளிர்விக்கும் கருவி வேண்டும். விசிறியால் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுக, உப்புநீரை அன்று.

கைபேசியிலுள்ள ஒளிமானியை நம்பவேண்டா. அது மனிதக் கண்ணுக்கு இயைந்த பச்சையைப் பெரிதாகவும் நீலத்தைச் சிறிதாகவும் கணக்கிடும். பார் மானி விலை மிகுந்த கருவி. ஆண்டுக்கு இரண்டு முறையே தேவைப்படுவதால், சங்கத்து அன்பர் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கி வீடுதோறும் கைமாற்றிக்கொள்ளலாம். அது கிட்டும்வரை, விளக்கை முழு வலிமையில் 30 விழுக்காட்டில் தொடங்கி, வாரத்துக்கு 5 விழுக்காடாக உயர்த்துக. பவளம் சுருங்கினால் அவ்வாரத்து ஏற்றத்தைக் கைவிடுக. நாளொன்றுக்கு 8 அல்லது 9 மணி நேரம் போதும். பிற்பகல் ஒரு மணிக்கு எரிந்து இரவு பத்துக்கு அணையும்படி நேரக்கருவியை வைத்தால், அலுவலகம் சென்றவரும் பள்ளி சென்ற பிள்ளைகளும் திரும்பி வந்து காண்பதற்கும் ஒளி இருக்கும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் காட்டாதீர்கள். உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். தொட்டிக்கான இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுந்துவிடும் பாதுகாப்பு விசை இருத்தல் வேண்டும். விளக்கின் மின்மாற்றியைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் பக்கத்திலே வைத்து, கம்பியைச் சொருகிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றிச் சொருகுக. வழிந்து வரும் நீர்த்துளி அவ்வளைவின் அடியில் சொட்டிவிடும், சொருகிக்குள் புகாது.