புதுப்பனி தேடுவோர்க்கு ஏற்ற மலை எது?

பனிச்சறுக்கலில் நன்கு தேர்ந்த நம் இலண்டன் பிள்ளைகள், செப்பனிட்ட தடங்களோடு நிறைவு கொள்வதில்லை. அரிசிமாப் போன்ற புதுப்பனியையே நாடுகின்றனர். அவர்க்கேற்ற மலையை எவ்வாறு தெரிவது?

விளம்பர ஏடுகள் தடங்களின் நீளத்தையே கூறும். நாம் வினவ வேண்டியதோ தடத்துக்கு வெளியே உள்ளதைப் பற்றி. பிரான்சின் லா கிராவ் என்னும் ஊரில் கேபிள் கார் 3,200 மீற்றர் உயரத்தில் இறக்கிவிடும். கீழே வரச் செப்பனிட்ட பாதை அநேகமாக இல்லை. சாமொனியின் 'வலே பிளான்ஷ்' ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமான பனியாற்று இறக்கம். பிளவுகள் மறைந்திருப்பதால் வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. (காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் இத்தகைய சரிவுகள் உண்டென்பது நம்மிற் பலருக்குப் புதுச் செய்தி.)

பனிச்சரிவு மிகுதியும் நிகழ்வது 30 முதல் 45 பாகைச் சாய்வில். வல்லோர் விரும்புவதும் அதையே. ஐரோப்பிய அபாய அளவு 1 முதல் 5 வரை. மூன்றை நடுத்தரமென்று எண்ணற்க. உயிரிழப்பிற் பெரும்பங்கு அந்நாள்களிலேயே நேர்கிறது. புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துள் மீட்காவிடின் நம்பிக்கை விரைந்து குன்றும். ஆதலால் மீட்புப் படையினும் உடன்வருவோரே முதல் துணை. சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், பனிவாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

பெற்றோரே, பயணத்துக்கு ஒப்பமிடுமுன் காப்புறுதிப் பத்திரத்தை வாசியுங்கள். வழிகாட்டியின்றித் தடம் விலகியோருக்குப் பல பத்திரங்கள் பொறுப்பேற்பதில்லை.