மிஞ்சிய பணம் எங்கே போகிறது? கணினியில் ஒரு குஸ்திக் கம்பெனி

கிங்காங், தாராசிங் என்று இரண்டு பெயர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே, எப்போது, யார் யாரைத் தூக்கி எறிந்தார் என்று ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் கதை வரும். 1947-இல் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த தாராசிங், அங்கிருந்த கிரேட் வேர்ல்ட் அரங்கில் பயிற்சி பெற்றுத்தான் மல்யுத்த வீரரானார். கிங்காங் 1970-இல் சிங்கப்பூரிலேயே காலமானார். இவர்கள் இருவரையும் நினைவில் வைத்திருக்கும் நாம், கொட்டகையை வாடகைக்கு எடுத்து, சுவரொட்டி அடித்து, டிக்கெட் விற்று, ஆட்டம் முடிந்ததும் இருவருக்கும் கூலியை எண்ணிக் கொடுத்த மனிதர் யாரென்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

அந்த மனிதராக இருந்து பார்க்கும் விளையாட்டு ஒன்று கணினியில் உண்டு. ஆடம் ரைலண்ட் என்ற இங்கிலாந்துக்காரர் உருவாக்கியது. 'எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்ச்' என்ற பெயரில் 2002-இல் இலவசமாகக் கொடுத்தார். 2004 முதல் 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்' என்ற பெயரில் விலைக்கு வந்தது. உங்கள் பிள்ளை கணினி முன் உட்கார்ந்து இதை ஆடுவதைப் பார்த்தால், முதலில் உங்களுக்கு ஒன்றும் புரியாது. இதில் அடிதடி கிடையாது, ஓடும் படமும் கிடையாது. பெயர்களும் எண்களும்தான் பக்கம் பக்கமாக வரும். தோட்டத்து ஆபீசில் கிராணி வைத்திருக்கும் செக்ரோல் புத்தகத்தைத் திரையில் விரித்தது போல இருக்கும். யாருக்கு எவ்வளவு சம்பளம், யாருக்குக் காயம், யார் கோபத்தில் இருக்கிறார், போன கூட்டத்திற்கு எத்தனை டிக்கெட் விற்றது என்பதுதான் விளையாட்டே! இன்றைக்கு யார் ஜெயிப்பது என்பதையும் முதலாளியே முன்கூட்டி எழுதி வைத்துவிடுவார். தொழில்முறை மல்யுத்தம் அப்படித்தான் நடக்கிறது என்பது இப்போது ஊரறிந்த செய்தி.

தொடக்கத்தில் கையில் காசு இருக்காது. பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு, சின்னக் கொட்டகையில், வந்த காசை வந்தவர்களுக்கே கொடுத்துத் தள்ளாட வேண்டும். விளையாட்டின் ருசியும் அங்கேதான் இருக்கிறது. சில ஆண்டுகள் ஓட்டிவிட்டால் தொலைக்காட்சிப் பணமும் விளம்பரப் பணமும் சேர்ந்து குவிந்துவிடும். அதற்குப் பிறகு ஆடுபவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: 'இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?'

பெரும்பாலோர் செய்வது என்ன தெரியுமா? எதிர்க் கம்பெனியின் பெரிய பெயர்களை விலை பேசி இழுத்து வருவார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விளையாட்டில் ஆள் எடுக்க இரண்டு வழி உண்டு. மேடையேறும் நாளுக்கு மட்டும் கூலி கொடுப்பது ஒன்று. ஒப்பந்தம் எழுதி, ஆடினாலும் ஆடாவிட்டாலும் மாதச் சம்பளம் கொடுப்பது மற்றொன்று. பெரிய பெயர்கள் இரண்டாவது வகையில்தான் வருவார்கள். குவிந்திருக்கும் பணம் ஒருமுறை வந்தது; சம்பளமோ மாதாமாதம் போவது. பொருளாதாரமும் மல்யுத்தத்தின் மவுசும் ஏறி இறங்கும்படி விளையாட்டில் அமைத்திருக்கிறார்கள். ரப்பர் விலை ஏறி இறங்குவதைப் பார்த்துக் கைக்கணக்குப் போட்ட நமக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. விலை ஏறியிருந்தபோது தவணையில் சாமான் எடுத்தவர்கள், விலை இறங்கிய மாதத்தில் தவணைக்காரனைக் கண்டு பின்வாசலால் போன கதை எத்தனை லயத்தில் நடந்திருக்கிறது!

இது வெறும் விளையாட்டுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. தென்மாநிலங்களில் ஜிம் கிராக்கெட் என்பவருடைய குடும்பக் கம்பெனி பல காலம் நன்றாக நடந்துவந்தது. கையில் பணம் சேர்ந்ததும் 1987-இல் இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்கினார். டாலஸ் நகரில் புது அலுவலகம் வைத்தார், பறப்பதற்குச் சொந்த விமானமும் வைத்துக்கொண்டார். 1988-இல் கம்பெனியையே விற்கவேண்டியதாயிற்று. வாங்கியவர் தொலைக்காட்சிச் செல்வந்தர் டெட் டர்னர்.

டர்னரின் கையில் அது டபிள்யூ.சி.டபிள்யூ. என்று பெயர் பெற்றது. பின்னால் தொலைக்காட்சி நிலையத்தின் பணப்பெட்டி திறந்தே இருந்தது. ஹல்க் ஹோகன், ராண்டி சாவேஜ் போன்ற நட்சத்திரங்கள் உறுதிச் சம்பளத்தோடு எதிரணியிலிருந்து வந்தார்கள். 1996-இல் தொடங்கி 83 வாரங்கள் தொடர்ந்து திங்கட்கிழமை இரவில் எதிரணியான டபிள்யூ.டபிள்யூ.எப்.-ஐத் தொலைக்காட்சியில் முந்தியது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் செலவு முதலில் பலன் தரத்தான் செய்தது.

பலன் தந்ததுதான் வினையாகவும் போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள். ராண்டி சாவேஜின் தம்பி லானி பாப்போ பல ஆண்டுகள் அதில் இருந்தார். ஆனால் கிட்டத்தட்ட மேடையேறாமலே சம்பளம் வாங்கினார். அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூப்பிடாத வேலைக்கு அவர் எப்படிப் போவார்? 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டா நகரின் ஜார்ஜியா டோமில் கோல்ட்பெர்க், ஹோகனை வீழ்த்திப் பட்டத்தைப் பிடித்தார். மக்கள் தனிக் கட்டணம் கட்டிப் பார்த்திருக்கக்கூடிய ஆட்டம் அது. அந்த வாரம் எதிரணியை முந்திவிடவேண்டும் என்று இலவசத் தொலைக்காட்சியில் காட்டிவிட்டார்கள். பணம் நிறைந்திருக்கும் வீட்டில் சில்லறையைக் குனிந்து எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

2000-ஆம் ஆண்டில் மட்டும் நட்டம் ஏறக்குறைய 60 மில்லியன் டாலர் என்று சொல்லப்பட்டது. 2001 மார்ச்சில் டபிள்யூ.டபிள்யூ.எப். அந்தக் கம்பெனியின் பெயரையும் பழைய ஒளிநாடாக்களையும் ஏறக்குறைய 2.5 மில்லியன் டாலருக்கு வாங்கியது. கேமராக்காரர், தையல்காரர், வளையம் பூட்டும் தொழிலாளர் என்று எத்தனையோ பேர் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். பெரிய நட்சத்திரங்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. பலர் வீட்டிலிருந்தபடியே மீதிச் சம்பளத்தை வாங்கினார்கள்.

வென்றவர்கள் மட்டும் பணத்தை ஒழுங்காகச் செலவழித்தார்களா என்றால் அதுவும் இல்லை. அதே 2001-இல் வின்ஸ் மக்மேன் 'எக்ஸ்.எப்.எல்.' என்று கால்பந்துக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். ஒரே பருவத்தில் மூடி, பல மில்லியன் டாலரைத் தொலைத்தார். ஆனால் அவர் செய்த வேறொரு செலவு நின்று பலன் கொடுத்தது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 'ஓஹாயோ வேலி ரெஸ்லிங்' என்ற சின்னக் கம்பெனி இருந்தது. அதனோடு ஒப்பந்தம் செய்து, இளைஞர்களை அனுப்பிப் பழக்கினார்கள். ஜான் சீனா, பிராக் லெஸ்னர், பட்டிஸ்டா, ராண்டி ஆர்ட்டன் எல்லாரும் அங்கே பழகியவர்கள்தாம். 2013-இல் புளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோ நகரில் சொந்தப் பயிற்சி நிலையமே கட்டிவிட்டார்கள்.

விளையாட்டிலும் அதே வழி இருக்கிறது. பயிற்சிக்கூடம் கட்டலாம், சின்னக் கம்பெனி ஒன்றை வளர்ப்பு நிலமாக வைத்துக்கொள்ளலாம், ஒளிபரப்பின் தரத்தை உயர்த்தலாம். இவை உடனே கைதட்டல் வாங்கித் தராது. இன்று நட்ட ரப்பர் கன்றில் நாளைக்கே பால் வெட்ட முடியுமா? ஐந்தாறு ஆண்டு பொறுக்கவேண்டும். பொறுக்க மாட்டாத பிள்ளைகள்தான் ஹோகன்களை விலைக்கு வாங்கப் போகிறார்கள்.

இதுவரை சொன்னது முதலாளியின் பக்கம். தொழிலாளி பக்கத்தையும் நாம் பார்க்கத்தானே வேண்டும்?

அமெரிக்காவில் இந்த மல்யுத்த வீரர்களைக் கம்பெனிகள் ஊழியர்களாகக் கணக்கில் எடுப்பதில்லை. தனிக் குத்தகைக்காரர்கள் என்றே எழுதிக்கொள்கின்றன. நமக்கு ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் பிடிக்கிறார்களே, அதுபோல ஒன்றும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. சங்கமும் இல்லை. தோட்டத்தில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தவர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். வளையத்துக்குள் பட்ட காயத்திற்கு டபிள்யூ.டபிள்யூ.இ. சிகிச்சைச் செலவைக் கொடுக்கிறது. ஆனால் வலியை மறைக்க விழுங்கிய மாத்திரைகள் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் விடுவதில்லை. அப்படி நடுவயதிலேயே போய்ச் சேர்ந்த மல்யுத்த வீரர்களின் பட்டியல் நீளமானது. எடி குரேரோ 2005 நவம்பரில் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தபோது வயது 38தான். அதன் பிறகுதான், 2006-இல், வீரர்களின் உடலைச் சோதிக்கும் திட்டம் வந்தது. 2007 முதல், தங்களிடம் முன்பு ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கும் போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சைச் செலவை ஏற்பதாகக் கம்பெனி அறிவித்தது.

என்னைக் கேட்டால், அந்தக் கம்பெனி மிஞ்சிய பணத்தில் செய்த செலவுகளிலே இதுதான் முதலில் செய்திருக்கவேண்டியது. ஆனால் கடைசியில் வந்தது. கால்பந்துக்குக் கொட்டிய காசு ஐந்தாண்டுக்கு முன்பே இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் எத்தனை குடும்பத்தில் தகப்பன் இருந்திருப்பான்!

கணினி விளையாட்டிலும் வீரனைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அவன் திரும்பும் வரை நிகழ்ச்சியில் அவன் பெயர் இருக்காது, கூட்டம் கொஞ்சம் குறையும், வருமானமும் குறையும். பணம் குவிந்திருக்கும்போது அது பெரிய விஷயமே இல்லை. பணம் இல்லாத முதல் ஆண்டில் அனுப்புவதுதான் கஷ்டம். அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் மகனோ மகளோ இதைத் திறந்து உட்கார்ந்தால், 'மின்சாரம் செலவாகிறது, மூடு' என்று உடனே அதட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காயம்பட்டவர்கள் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதமாகக் காலொடிந்து கிடக்கிறானே ஒருவன், அவன் நாள்கூலியா, மாதச் சம்பளமா என்று கேளுங்கள்.