களத்து விசிறியும் அரக்கோணத்து விமானமும்

காற்று ஏமாற்றும் நாளில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் களங்களில் நெல் தூற்ற விசிறியைப் போட்டுவிடுவார்கள். அதன் முதுகுப் பக்கம் ஒரு சாக்கு மூட்டையை நெருக்கி வைத்துப் பாருங்கள். காற்று குறையும், விசிறி உறுமும். வாலில் விசிறி வைத்த விமானத்துக்கும் இதே பாடுதான். அதன் விசிறிக்கு முன்னால் இறக்கை, உடல் என்று மூட்டைகள் எப்போதும் நிற்கின்றன.

அப்படி ஒன்று நமக்கு அருகிலேயே பறக்கிறது. அரக்கோணத்துக் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து 2020 நவம்பர் முதல் இயங்கும் சீகார்டியன், ஆளில்லா விமானம். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 24 மீட்டர். கடலைப் பார்த்துக்கொண்டே ஒரு நாளுக்கு மேல் வானில் இருக்கும். பார்ப்பதுதான் அதன் வேலை என்பதால், மூக்கைக் கேமராவுக்கும் ஆன்டெனாவுக்கும் விட்டுவிட்டு விசிறியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். இன்னொரு லாபமும் உண்டு: முன்விசிறியின் வேகக் காற்று உடல்மேல் உரசி இழுக்கும், இங்கே அந்த உரசல் இல்லை.

சும்மா கிடைக்கவில்லை இது. உடலும் இறக்கையும் கலக்கிவிட்ட காற்றை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுவதால் விசிறியில் இரைச்சலும் அதிர்வும் கூடும். சக்கரம் தெறிக்கவிடும் கல் நேராக அதன்மேல் படும். எழும்பும்போது மூக்கு மேலே போனால் வால் தாழும், விசிறி தரையைத் தொட்டுவிடாதிருக்கச் சக்கரக் கால்களை உயரமாக வைக்கவேண்டும். என்ஜின் கனம் பின்னால் இழுப்பதால் முன்பக்கமும் கனத்தால் ஈடுகட்டப்பட வேண்டும்.

பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் 2004 மே 29 அன்று பறக்கவிட்ட 'சரஸ்' பயணிகள் விமானத்திலும் இரண்டு விசிறிகள் பின்னால்தான். இரைச்சல் பயணிகளின் முதுகுக்குப் பின்னே போய்விடும் என்பது கணக்கு, நல்ல கணக்குதான். ஆனால் விமானம் நினைத்ததைவிடக் கனத்துப்போனது. 2009 மார்ச்சில் பிடதி அருகே இரண்டாவது மாதிரி விழுந்து மூவர் இறந்தார்கள். விசாரணை காட்டிய காரணம், அணைத்த என்ஜினை நடுவானில் மீண்டும் இயக்கிய தவறான முறை. விசிறி இருந்த இடத்தின்மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

ரைட் சகோதரர்களின் 1903 விமானத்திலும் விசிறிகள் இறக்கைக்குப் பின்னால்தான் சுழன்றன. பிறகு விசிறி முன்னால் வந்ததற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று பயம்: விழுந்தால் பின்னாலிருக்கும் என்ஜின் விமானியின்மேல் வந்து விழும்.

2024 செப்டம்பரில் கோளாறால் சீகார்டியன் ஒன்றைச் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்க நேர்ந்தது. உள்ளே யாரும் இல்லை.