அன்னத்துக்குப் போட்ட வாக்கு

எங்கட பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் வாள் பிடித்த சிங்கம் இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் வளர்கிற அவர்களின் மச்சான், மச்சாள்மாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் அந்தந்த நாட்டுப் பிரஜைகள். வளைகுடாவில் அப்படிக் கிடையாது. என் அப்பா 1982 இல் அபுதாபிக்கு வேலைக்கு வந்தவர். நான் ஷார்ஜாவில் வளர்ந்தேன், என் பிள்ளைகள் துபாயில் பிறந்தார்கள். ஆனாலும் மூன்று தலைமுறையும் இலங்கைப் பிரஜைகள்தான். வேலை முடிந்தால் விசா முடியும், விசா முடிந்தால் ஊர். ஆகவே இலங்கை அரசியல் எங்களுக்குப் பொழுதுபோக்குக் கதை இல்லை. நாளைக்கு இந்தப் பிள்ளைகள் போய் நிற்கப்போகிற முற்றம் அது.

2022 செப்டெம்பர் 11 அன்று துபாய் மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையில் நடக்கவேண்டிய தொடர், அங்கே பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் என்பதால் இங்கே வந்தது. பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றார்கள். என் மகன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கத்தின கத்தில் தொண்டை அடைத்துப்போனது. படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டொரன்டோவில் இருக்கிற அண்ணா, என் பெரியம்மாவின் மகன், ஒரே வரியில் கேட்டார்: "இந்தச் சட்டையை ஏன் பிள்ளைக்குப் போட்டனி?"

மகன் அதை வாசித்துவிட்டான். "அம்மா, நாங்கள் எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு வடிவில் வந்திருக்கும். இங்கே எங்கட பிள்ளைகளுக்கு வகுப்பில் பக்கத்து இருக்கை சிங்களப் பிள்ளை, பள்ளி பஸ்ஸில் கல்முனை முஸ்லிம் பிள்ளை. சோனாப்பூர் தொழிலாளர் குடியிருப்பில் மட்டக்களப்பானும் குருநாகல்காரனும் ஒரே அறையில் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். 2009 மே மாதம் டொரன்டோவில் எங்கட ஆட்கள் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தார்கள், லண்டனில் பாராளுமன்றச் சதுக்கத்தில் நாட்கணக்காக இருந்தார்கள். அண்ணா கைக்குழந்தையோடு கார்டினரில் நின்றவர். இங்கே ஊர்வலத்துக்கு இடமில்லை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு டீவி பார்த்தோம், அடுத்தநாள் காலை அலுவலகத்துக்குப் போனோம். பக்கத்து மேசைச் சிங்கள நண்பர் பால்சோறு கொண்டுவந்திருந்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தது இன்றைக்கும் ஞாபகம். அவருடைய தம்பி சண்டையில் செத்தவர் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது.

மகனுக்குப் பதில் சொல்ல நான் எடுத்தது பெரியம்மாவின் கதை. அவர் யாழ்ப்பாணத்தை விட்டு எங்கேயும் போகாதவர்.

2010 ஜனவரி 26. போர் முடிந்து எட்டு மாதம். வன்னியிலிருந்து வந்த ஏறக்குறைய 3 லட்சம் சனத்தை மெனிக் பாம் போன்ற முகாம்களில் முள்வேலிக்குள் வைத்திருந்து, அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஜனாதிபதித் தேர்தல். முன்னணியில் இரண்டு பேர். ஒருவர் போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, சின்னம் வெற்றிலை. மற்றவர் அதே போரில் இராணுவத்துக்குத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா, சின்னம் அன்னம். இந்த நாடு சிங்களவருடையது என்று 2008 இல் ஒரு கனேடியப் பத்திரிகைக்குச் சொன்னவர் இந்தப் பொன்சேகா. சம்பந்தன் தலைமையில் இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரிக்கச் சொன்னது.

வெளிநாட்டில் இருந்த எங்களுக்குத் தலை சுற்றியது. கொன்றவனுக்கே வாக்கா என்று அண்ணா தொலைபேசியில் கத்தினார். பெரியம்மாவோ காலையில் போய் அன்னத்துக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். தாயும் மகனும் ஒரு கிழமை கதைக்கவில்லை.

நான் எடுத்துக் கேட்டேன். "ஏன் பெரியம்மா அவருக்குப் போட்டனீங்கள்?"

"பிள்ளை, ரெண்டு பேரில ஆரோ ஒருத்தன் வரத்தான் போறான். இருக்கிறவன் போனால் செக்பொயின்டில கொஞ்சம் மூச்சு விடலாம். உள்ளுக்க இருக்கிற பெடியளைப் பற்றியாவது ஆரும் கேக்கலாம். வாக்குப் போட்டால் மன்னிச்சுப் போட்டன் எண்டு அர்த்தமோ? எனக்கு அவனில கோவம் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

அந்தத் தேர்தலின் எண்களை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அதே வாக்குச்சீட்டில் ஒரு தமிழரும் இருந்தார், வல்வெட்டித்துறை எம்.கே. சிவாஜிலிங்கம். நாடு முழுக்க அவருக்குக் கிடைத்தது 10 ஆயிரம் வாக்குக்கும் குறைவு. தமிழருடைய சுயநிர்ணய உரிமைக்காகப் பல வருஷம் தன் சொந்தச் சனத்திடம் ஏச்சு வாங்கிய இடதுசாரி விக்கிரமபாகு கருணாரத்னவும் இருந்தார். அவருக்கு அதைவிடக் குறைவு. இனப்பற்றால் மட்டும் தமிழர் வாக்குப் போடுகிறார்கள் என்றால் இந்த இரண்டு பேருக்கும் அல்லவா குவிந்திருக்க வேண்டும்? கொழும்புப் பத்திரிகைகளும் எங்கட புலம்பெயர் மேடைகளும் ஒன்றுக்கொன்று எதிரிகள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஒரே தப்பைச் செய்கின்றன: வடக்குச் சனத்தின் வாக்கை இரத்தம் போடுகிற வாக்காகப் பார்க்கிறார்கள். பெரியம்மா கணக்குப் பார்த்துத்தான் போட்டார்.

அந்தக் கணக்குக்கும் தைரியம் வேண்டியிருந்தது. யாழ் மாவட்டத்தில் அன்று நாலில் ஒருவர் அளவில்தான் வாக்களித்தார்கள். விடியப்புறம் குண்டுச் சத்தங்கள் கேட்டதாகச் செய்தி வந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்குப் போக வாகனம் இல்லை. அப்படியும் போனவர்களில் 60 வீதத்துக்கு மேல் அன்னத்துக்குப் போட்டார்கள். நாடு முழுக்க ராஜபக்ச சுமார் 58 வீதத்தோடு வென்றார். இரண்டு கிழமைக்குள், பெப்ரவரி 8 அன்று, பொன்சேகாவையே கைது செய்தார்கள். போர் வீரன் என்று ஊரெல்லாம் படம் ஒட்டியவர்களின் அரசாங்கமே அவரைச் சிறையில் போட்டது, 2012 மே வரைக்கும் அவர் உள்ளே இருந்தார். இனத்துக்கு விசுவாசம் என்கிற பேச்சு அந்தப் பக்கத்திலும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

அந்தத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர், ஜனவரி 24 அன்று, பிரகீத் எக்னெலிகொட என்ற சிங்களப் பத்திரிகையாளர் காணாமல் ஆக்கப்பட்டார். அவருடைய மனைவி சந்தியா எக்னெலிகொட அன்றிலிருந்து நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தாய்மாரோடு போய் இருந்திருக்கிறார். 2022 ஜனவரியில் கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலில் தலையை மழித்து நேர்ந்துகொண்டார். இந்தப் பெண்ணைப் பற்றி எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லாவிட்டால் பக்கம் என்ற சொல்லே அவர்களுக்குப் பிழையாக விளங்கும்.

அடுத்தது 2013 செப்டெம்பர் 21, வட மாகாண சபைத் தேர்தல். இம்முறை சின்னம் வீடு. கூட்டமைப்பு 38 இடங்களில் 30 ஐப் பிடித்தது. முன்னாள் உயர்நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரனுக்கு 1 லட்சத்து 32 ஆயிரம் விருப்பு வாக்கு. அவருக்கு அடுத்ததாக, 87 ஆயிரத்துக்கு மேல் எடுத்தவர் அனந்தி சசிதரன். புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்த அவருடைய கணவர் எழிலன் 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தார், பிறகு ஆள் இல்லை. கண் முன்னால் ஒப்படைத்தேன், எங்கே என்று கேட்கிற ஒரு பெண்ணுக்கு அந்த வாக்கு. இராணுவ முகாம்களுக்கு நடுவே போய்ப் போட்ட வாக்கு அது. பெரியம்மாவின் விருப்பு வாக்கும் அனந்திக்குத்தான். மூன்றரை வருஷத்துக்கு முன் ஜெனரலுக்குப் போட்ட அதே கை.

2015 இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு, 2019 இல் சஜித் பிரேமதாசவுக்கு. இரண்டு தடவையும் சின்னம் அன்னமே. ஆட்கள் மாறினாலும் பறவை மாறவில்லை என்று பெரியம்மா சிரிப்பார். 2015 வாக்கால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. சில காணிகள் விடுபட்டன. 2016 சுதந்திர தினத்தில், 1949 க்குப் பிறகு முதல் தடவையாக, தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. காணாமல் போனோர் அலுவலகம் சட்டமாகி 2018 இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் இருந்தவர்கள், பதில் கிடைத்து எழும்பவில்லை. அந்தக் கொட்டிலில் இருந்த பெற்றோரில் நூறு பேருக்கு மேல் பிள்ளையின் சேதி தெரியாமலே கண்மூடிவிட்டார்கள்.

இந்தக் குறையை 'எங்களுக்கு அநியாயம் நடந்தது' என்று பொதுவாகச் சொன்னால் துபாயில் வளர்கிற பிள்ளைக்கு அது பாடப்புத்தகம் மாதிரி. குறைக்கு ஊர் பேர் இருக்கிறது. செம்மணி என்று சொல்லுங்கள். 1996 இல் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தான் ஒருவன், 1998 இல் நீதிமன்றத்தில் நின்று செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றான். 1999 இல் 15 உடல்கள் எடுத்தார்கள், பிறகு கிண்டுவது நின்றுபோனது. 2025 இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், மறுபடி கிண்டியபோது 200 க்கு மேல் எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு குழந்தையின் எலும்புக்குப் பக்கத்தில் நீலப் புத்தகப் பையும் பொம்மையும். என் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை வயதுப் பிள்ளை என்று மட்டும் கேட்டாள். எட்டு வயதுக்கு முன் இதைக் காட்டவேண்டாம், என் அபிப்பிராயம் அது. பதினொன்று, பன்னிரண்டில் ஒளிக்கவும் வேண்டாம். எப்படியும் போனில் பார்ப்பார்கள், அப்போது பக்கத்தில் நீங்கள் இருப்பது நல்லது.

2024 க்கு வருகிறேன், எங்கட வீட்டில் பெரிய சண்டை நடந்த வருஷம். ஜூன் 30 சம்பந்தன் காலமானார். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். சிவாஜிலிங்கத்துக்கு 10 ஆயிரம் தாண்டாத இடத்தில் இவருக்கு 2 லட்சத்து 26 ஆயிரம். அண்ணாவுக்குச் சந்தோசம். அநுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டிக்கு யாழ்ப்பாணத்தில் விழுந்தது 27 ஆயிரம் அளவு, 7 வீதம்தான். எட்டுக் கிழமைக்குள், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், அதே யாழ்ப்பாணத்தில் அதே திசைகாட்டிக்கு 80 ஆயிரம். ஆறு ஆசனத்தில் மூன்று. தென்னிலங்கைக் கட்சி ஒன்று யாழ் மாவட்டத்தில் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை.

இந்தக் கட்சியின் அடிவேர் ஜே.வி.பி. போர்நிறுத்தத்தை எதிர்த்தவர்கள், வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006 இல் வென்றவர்கள். பெரியம்மாவின் பேரன், அண்ணாவின் தங்கை மகன், யாழ்ப்பாணத்தில் ஓட்டோ ஓட்டுகிறவன், திசைகாட்டிக்குப் போட்டேன் என்று குழுவில் நேரே எழுதினான். துரோகி என்ற சொல் வந்தது. அவன் திருப்பி எழுதியது: "மாமா, நீங்கள் ஸ்காபரோவில இருந்து எனக்குத் துரோகி எண்டுறீங்கள். எங்கட எம்பிமார் பதினைஞ்சு வருஷமாத் தங்களுக்குள்ள அடிபட்டதை நீங்கள் பார்க்கேல்ல, நான் பார்த்தனான். அவங்கள் சரியில்லையெண்டால் அடுத்தமுறை மாத்திப் போடுவன்."

மாற்றித்தான் போட்டார்கள். 2025 மார்ச் 28 அன்று வடக்கில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு உரிமை நிரூபிக்கச் சொல்லி அரசாங்கம் வர்த்தமானி விட்டது. இடம்பெயர்ந்து, உறுதியெல்லாம் தொலைத்த சனத்திடம், வெளிநாட்டில் இருக்கிற காணிக்காரரிடம், மூன்று மாதத் தவணை. மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் வீடு மறுபடி முன்னுக்கு வந்தது. பிறகு அந்த வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதமும் எங்களைப் போன்றவர்கள் அப்பாவின் பழைய உறுதிகளைத் தேடி அலுமாரி கிண்டினோம். தொலைவில் இருந்து ஊர்ப் பற்றைப் பேசுவதற்கும், ஊரில் இருந்து ஒரு புள்ளடி போடுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது கையில் தட்டுப்பட்டது.

எங்களுக்கு வாக்கு இருக்கிறது, போடத்தான் வழி இல்லை. இலங்கைத் தேர்தலில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க முடியாது. பெயர் ஊர்ப் பட்டியலில் இருந்தால் டிக்கெட் எடுத்துப் போய்ப் போடவேண்டும். 2024 நவம்பரில் என் கணவரின் கூட்டாளி ஒருவர் மூன்று நாள் லீவு எடுத்து, ஷார்ஜாவிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இரவு பஸ்ஸில் வவுனியா போய்ப் போட்டுவிட்டு வந்தார். ஆருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

மகனுக்கு நான் சொன்னது இவ்வளவும்தான், ஒரே நாளில் இல்லை, ஒரு வருஷமாக, கார் ஓட்டும்போதும் சோறு போடும்போதும். கிரிக்கெட்டுக்கு நீலச் சட்டை போடலாம் என்றேன். மே 18 அன்று வீட்டில் உப்புக் கஞ்சி காய்ச்சுகிறோம், அதற்கும் அவன் இருப்பான். 2024 மே மாதம் சம்பூரில் அந்தக் கஞ்சியைப் பகிர்ந்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள், 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர் அதே கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள். இரண்டையும் சொன்னேன். எது உண்மையான இலங்கை என்று கேட்டான். இரண்டும் என்றேன், அவனுக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது அவன் பெரியம்மாவோடு நேரே கதைக்கிறான், அரைகுறைத் தமிழில். போன கிழமை கேட்டது: "அம்மம்மா, அடுத்து எந்தச் சின்னம்?" வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, இதை எழுதும்வரை மறு தேர்தல் வைக்கவில்லை. "அவங்கள் முதலில தேர்தலை வைக்கட்டும் அப்பன், சின்னத்தைப் பிறகு பாப்பம்" என்றார் பெரியம்மா.