பக்கத்துத் தெருவுக்குக் காரில் போனால் ஏன் ஊரைச் சுற்றவேணும்?



இந்த வாரம் நாங்கள் பார்க்கப்போவது றோட்டு வலைப்பின்னல். "அது இஞ்சினியர்மார் பார்க்கிற வேலை, எங்களுக்கு என்ன?" என்று கேட்காதீங்கோ. கார் ஓட்டாத உங்கட அம்மம்மா தனியாகக் கடைக்குப் போய் வரலாமா, பத்து வயசுத் தம்பி தனியாகப் பள்ளிக்கூடம் போகலாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதுதான்.

கோடிங் படிச்சவர்களுக்கு 'கிராஃப்' தெரியும்: புள்ளிகளும் அவற்றை இணைக்கிற கோடுகளும். ஒரு ஊரில் சந்திகள் புள்ளிகள், தெருக்கள் கோடுகள். எங்கட புறநகர்கள் பலவற்றில் காருக்கும் காலுக்கும் ஒரே கிராஃப்தான். உள்தெரு மறுபக்கம் வழியில்லாமல் முடியும். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குக்கூட பெரிய றோட்டுக்கு வந்து சுற்றித்தான் போகவேணும். காருக்கு அது இரண்டு நிமிஷம். நடக்கிறவருக்கு அரை மணித்தியாலம் ஆகலாம்.

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஹவுட்டன் என்று ஒரு சின்ன நகரம் இருக்கு. 1960களில் அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமம். இன்று சுமார் 50,000 பேர். ஊர் வளரப்போகுது என்று தெரிந்ததும், ராப் டெர்க்ஸ் என்ற திட்டமிடுநர் ஒரு கிராஃபை இரண்டாகப் பிரித்தார்.

முதலாவது, காருக்கானது. ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை. ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் அதிலிருந்துதான் கார் உள்ளே போகலாம். ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் காரில் நேரே போக முடியாது. வெளியே வந்து, வட்டத்தில் சுற்றி, திரும்ப உள்ளே போகவேணும்.

இரண்டாவது, சைக்கிளுக்கும் நடைக்கும். அது ஊரின் நடுவால் நேராகப் போகும். பள்ளிக்கூடங்கள், கடைகள், ரயில் நிலையம் எல்லாம் அந்தப் பாதையை ஒட்டியே. வட்டச் சாலை குறுக்கிட்டால் கீழே சுரங்கப்பாதை.

விளைவு? ஊருக்குள் சைக்கிள்தான் குறுக்குவழி. யாரும் "சூழலைக் காப்பாற்றுங்கோ" என்று கெஞ்சத் தேவையில்லை. சீக்கிரம் போகிற வழியை மனுஷர் தாங்களே எடுப்பினம். 2008இலும் 2018இலும் நெதர்லாந்தின் 'சைக்கிள் நகரம்' விருது ஹவுட்டனுக்குக் கிடைத்தது.

அதுக்காக அங்கே கார் இல்லை என்று நினைக்காதீங்கோ. பலரிடம் இருக்கு, வெளியூர் வேலைக்கு அதிலேயே போகினம். மாறினது உள்ளூர்ப் பயணம்தான்.

"அது புதுசாகக் கட்டின ஊர், எங்கட ஊர் கட்டி முடிஞ்சுதே?" நியாயமான கேள்வி. ஆனால் குரோனிங்கன் பழைய நகரம். 1977 செப்டம்பரில் அதன் மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கார் நேரே போவதை நிறுத்தினார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் 2017இல் இதே வழியை எடுத்தது. லண்டனில் சில தெருக்களைப் பூச்சாடிகளும் கமராக்களும் வைத்து மறிப்பதும் இதே யோசனைதான்.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. உள்தெருவில் குறைகிற வாகனங்களில் ஒரு பங்கு வெளிச்சாலைக்குப் போகலாம். அங்கே வீடுள்ளவர்களுக்கு அது சத்தமும் புகையும். கார் இல்லாமல் வெளியே போக முடியாத மாற்றுத்திறனாளிகளுக்குப் பயணம் நீளும். அம்புலன்ஸுக்கு வழி விடவேணும். ஆகவே எங்கே மறிப்பது என்பதைப் போலவே, யாரைக் கேட்டு மறிப்பது என்பதும் முக்கியம்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. ஃபோனில் மேப்பைத் திறந்து, வீட்டிலிருந்து கிட்ட இருக்கிற நூலகத்துக்கு நடைவழியையும் கார் வழியையும் பாருங்கோ. பிறகு நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கோ. நடைவழி அதைவிட இரண்டு மடங்கு என்றால், எந்த வேலியில் ஒரு நடைபாதை திறந்தால் அது குறையும் என்று தேடுங்கோ. அந்த இடத்தைப் படமெடுத்து உங்கட நகரசபை உறுப்பினருக்கு அனுப்பலாம். புது றோட்டு போடுறதைவிட ஒரு வேலியைத் திறக்கிறது மலிவு.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்!