ஒயரும் சூட்டைக் கூட்டிச் சொல்லும்... தெரியுமா?

பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்தால் நோய்க்கிருமிகள் ஒழியும். பால் பதப்படுத்தும் ஆலைகளில் இது பாலபாடம். பேனலில் 72 என்று எண் ஒளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் ஓடும் பாலோ வெறும் 62 சொச்சத்தில் இருக்கலாம்! சென்சாரில் கோளாறு இல்லை, கன்ட்ரோலரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இழுத்த 50 மீட்டர் ஒயர் மட்டுமே ஒன்பதரை டிகிரியைக் கூட்டிவிடும். 63 டிகிரி என்றால் பாலை அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். 15 விநாடி எந்த மூலைக்கு?

எப்படி நடக்கிறது இது? ஆலைகளில் அதிகம் புழங்கும் சென்சார் பி.டி.100. உள்ளே இருப்பது பிளாட்டினம். 0 டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம். ஒரு டிகிரி ஏறினால் கூடுவது 0.385 ஓம்தான்! கன்ட்ரோலருக்குப் பாலும் தெரியாது, குழாயும் தெரியாது. தன் டெர்மினலுக்கு வந்து சேரும் மொத்த ஓமை டிகிரியாக மாற்றிக் காட்டும், அவ்வளவே. 0.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 36 ஓம். போக 50 மீட்டர், வர 50 மீட்டர், ஆக 3.6 ஓம். அதுதான் அந்த ஒன்பதரை டிகிரி! 'ஏ' வகுப்பு பி.டி.100 என்றால் 0 டிகிரியில் 0.15 டிகிரிக்கு மேல் பிசகக்கூடாது என்பது சர்வதேசத் தரம். அத்தனை நுட்பமான பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, இரண்டே ஒயரில் இணைத்துப் பாழடிப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

"ஒன்பதரையை கன்ட்ரோலரில் கழித்து வைத்துவிட்டால் போச்சு" என்பீர்கள். முடியாது! செம்பும் ஒரு தெர்மாமீட்டர்தான், தெரியுமா? ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை சுமார் 0.39 சதவீதம் ஏறும், ஏறக்குறைய பிளாட்டினம் அளவுக்கே. கேபிள் போகும் வழி பகலில் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், பால் அப்படியே இருந்தாலும் பேனல் எண் முக்கால் டிகிரி நகர்ந்துவிடும்.

இன்னொரு அதிசயம்: இந்த வகைத் தெர்மாமீட்டர் பிறந்ததே ஒரு கேபிளுக்காகத்தான்! 1860-ல் ரங்கூனையும் சிங்கப்பூரையும் இணைக்கத் தயாரான கடலடித் தந்திக் கேபிளைச் சோதிக்கும் பொறுப்பு பொறியாளர் வில்லியம் சீமென்ஸிடம் இருந்தது. கப்பலில் சுருட்டி அடுக்கிய கேபிள் உள்ளுக்குள் சூடேறிக் கெட்டுவிடுமோ என்ற அச்சம். அடுக்குகளுக்கு நடுவே செம்புக் கம்பிச் சுருள்களைச் செருகி, மின்தடையை வெளியிலிருந்து அளந்தே சூட்டைக் கண்டுபிடித்தார் மனிதர். 1871-ல் பிளாட்டினத்துக்கு மாறினார். அதை நம்பகமான கருவியாக்கியவர் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் காலண்டர். 1887-ல் அவர் கட்டுரை வெளிவந்தது. சென்சாருக்குப் போகும் ஒயர்களுக்குப் பக்கத்திலேயே, சென்சார் இல்லாத அதே நீள ஒயர் ஜோடி ஒன்றை ஓடவிட்டு, ஒயரின் பங்கைக் கழித்துவிடும் உத்தியும் அவருடையதே.

இன்றைய த்ரீ வயர் இணைப்பும் அந்த வழியில் வந்ததுதான். சென்சாரின் ஒரு முனையில் இரண்டு சிவப்பு, மறுமுனையில் ஒரு வெள்ளை. சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள ஓமை, சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ளதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது சென்சார் மட்டும். பேனலில் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தே பார்க்கலாம்: சென்சார் 30 டிகிரியில் இருந்தால் மிச்சம் 111.67 ஓம் வர வேண்டும். ஆனால் மூன்று ஒயரும் சமமாக இருக்க வேண்டும்! ஒரு டெர்மினல் திருகு தளர்ந்து, பச்சை பூத்து 0.4 ஓம் கூடினாலே ஒரு டிகிரி பிசகிவிடும். ஃபோர் வயரில் அந்தக் கவலையும் இல்லை. இரண்டு ஒயரில் மின்னோட்டம், மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை அளக்கும் வேலை மட்டும். அளக்கும் ஒயரில் மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. அதனால் அதன் மின்தடை எவ்வளவு இருந்தாலும் கணக்கில் சேராது!

தூரம் கிலோமீட்டர் கணக்கில் போனால்? சென்சார் தலையிலேயே ட்ரான்ஸ்மிட்டரைப் பொருத்தி, சூட்டை 4 முதல் 20 மில்லியாம்பியர் மின்னோட்டமாக மாற்றி அனுப்புவார்கள். ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே. 24 வோல்ட்டில் ட்ரான்ஸ்மிட்டருக்கு 12 வோல்ட், பேனல் கார்டுக்கு 250 ஓம் ஒதுக்கினாலும், 1.5 ஸ்கொயர் எம்.எம். கேபிளில் கணக்குப்படி சுமார் 14 கிலோமீட்டர் போகலாம்! ஏன் 4-ல் தொடங்க வேண்டும்? 0 வந்தால் ஒயர் அறுந்துவிட்டது என்று அப்போதே தெரியுமே!

இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் கதையே வேறு. உலை அருகே 80 டிகிரியில் இருக்கும் சென்சார் தலையிலிருந்து 30 டிகிரி பேனல் வரை சாதாரணச் செம்பு ஒயரை இழுத்தால், காட்டும் சூடு 50 டிகிரி குறையும். தெர்மோகப்பிளின் அதே வகை எக்ஸ்டென்ஷன் கேபிள்தான் வேண்டும். அதில் அமெரிக்க நிற முறைப்படி சிவப்பு ஒயர் நெகட்டிவ், தெரியுமா?

உலோகமே இல்லாத கேபிளும் உண்டு. கண்ணாடி இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால், சிதறித் திரும்பும் ஒளியின் இரு நிறங்களுக்கு இடையிலான விகிதம் சூட்டுக்கேற்ப மாறுகிறது. சிதறும் இடம் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் ஒளி திரும்பிவரப் பத்து நானோவிநாடி கூடும். எண்ணெய்க் கிணறுகளிலும் சுரங்கப்பாதைகளிலும் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ஒற்றை இழை, மீட்டருக்கு மீட்டர் தனித்தனியாகச் சூட்டைச் சொல்லிவிடுகிறது!